சாப்பாட்டு மேசையில் வாசிப்பு வட்டம்: திருகோணமலையில் எந்தக் கடை, எந்த நாள், எப்படி?

உவர்மலை வாசகி:

வணக்கம். எட்டு நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் வாசித்து, ஏதாவது ஒரு கடையில் இராச்சாப்பாட்டோடு அதைப் பற்றிக் கதைக்கிற வட்டம் ஒண்டு தொடங்கப் போறம். தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை ஒண்டும் கிடையாது. வீடுகளில் வைத்தால் அந்தந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே நிண்டுவிடுவினம். அவையும் இருந்து கதைக்கவேணும் எண்டதுக்காகத்தான் கடை.

எட்டுப் பேரில் ரெண்டு பேர் கிண்ணியாவில் இருந்து வரவேணும். ரெண்டு பேர் சுத்த சைவம். மூண்டு பேர் படிப்பிக்கிறவை, பின்னேர வகுப்பு முடிச்சுத்தான் வரலாம். ஒருவருக்கு ஒரு காது மந்தம்.

எப்படியான கடை, எந்த நாள், சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா கதைக்கிறது, பில்லை எப்படிப் பிரிக்கிறது, ஒரே புத்தகத்துக்கு எட்டுப் பிரதி எப்படி எடுக்கிறது? விபரம் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மடத்தடியான்:

அக்கா, கடையைப் பிடிக்க முதல் கொத்துரொட்டி அடிக்கிற கொத்துக்கல் எங்க இருக்கெண்டு பாருங்கோ. ஆறரைக்குப் பிறகு கொத்து அடிக்கத் தொடங்கினால் ஒன்பது மணி மட்டும் அந்தச் சத்தம் ஓயாது. கல்லில் இருந்து நாலு மேசை தள்ளி இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் கதை கேட்கும். முன்பக்கம் கல்லு வைத்த கடை எண்டால் மேல்மாடி இருக்கா, பின்னால் குடும்ப அறை இருக்கா எண்டு கேளுங்கோ. குடும்ப அறையில் கதவு இருந்தால் பாதிச் சத்தம் அங்கேயே நிண்டுவிடும். ஆனால் சில இடங்களில் அது மரப்பலகைத் தட்டி மட்டும்தான், மேல்பக்கம் திறந்து இருக்கும். அதால் ஒரு பயனும் இல்லை.

ரெண்டாவது ரீவி. கிரிக்கெட் இருக்கிற இரவு எந்தக் கடையிலும் அதை நிப்பாட்டச் சொல்ல ஏலாது. மேசையை ரீவிக்கு முதுகு காட்டிப் போட்டாலும் சத்தம் போகாது. அந்த வாரத்து மட்ச் அட்டவணையைப் பார்த்துவிட்டு நாள் வையுங்கோ.

மூண்டாவது மேசை. எட்டுப் பேருக்கு ஒரு நீட்டு மேசையைத் தந்தால் அது கட்டாயம் ரெண்டு கதையாப் பிரியும், அந்தத் தொங்கல் நாலு பேர் தனி, இந்தத் தொங்கல் நாலு பேர் தனி. நாலு பேர் இருக்கிற சதுர மேசை ரெண்டை ஒட்டிப் போட்டு, நீட்டுப் பக்கத்தில் மூண்டு மூண்டாவும் தலைப்பக்கத்தில் ஒவ்வொருவராவும் இருந்தால் குறுக்கே கதைக்கலாம். கதையை நடத்துற ஆள் தலைப்பக்கம் இருக்கக்கூடாது. நீட்டுப் பக்கத்து நடுக்கதிரைதான் அவருக்கு. அங்க இருந்து பார்த்தால் மற்ற ஏழு முகமும் தெரியும், ஒருவரிட்டயும் சத்தம் போட்டுக் கேட்கத் தேவையில்லை.

சோதிச்சுப் பார்க்கிறது லேசு. நீங்கள் வைக்கப்போற அதே கிழமை, அதே நேரத்துக்கு ஒரு வாரம் முன்னம் ரெண்டு பேர் போய், மேசையின் ரெண்டு தொங்கலிலும் இருந்து, பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு பதினைஞ்சு நிமிஷம் சாதாரணக் குரலில் கதையுங்கோ. ஒருவர் "என்ன?" எண்டு மூண்டு தரத்துக்கு மேல் கேட்டால் அந்தக் கடை சரிவராது. பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "அமைதியான இடம்" எண்டு முடிவெடுக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை.

கிண்ணியாக் கரை:

நாள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இது திருகோணமலை, மூன்று சமூகமும் உட்காரும் மேசை.

வெள்ளிக்கிழமை வேண்டாம். சைவ சமயத்தவரில் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுகிறவர்களும் அன்றைக்கு அதைச் சாப்பிட மாட்டார்கள், எங்களுக்கும் ஜும்ஆ நாள், வீட்டில் ஆட்கள் வந்து போவார்கள். செவ்வாயும் கொஞ்சப் பேருக்கு மரக்கறி நாள். புரட்டாதிச் சனி, கந்தசஷ்டி ஆறு நாள், திருவெம்பாவைக் காலம், இவற்றையும் முதலே கலண்டரில் குறித்து வையுங்கள். போயா (பூரணை) நாள் விடுமுறை என்பதால் வசதி மாதிரித் தெரியும். ஆனால் அன்றைக்கு இறைச்சிக் கடை பூட்டு, சமையலறையில் பாதிச் சாமான் இருக்காது, கோணேசர் கோயில் பார்க்க வருகிற வெளியூர்க் கூட்டமும் டவுனில் நிறையும். புதன் அல்லது வியாழன்தான் என் தெரிவு. ஞாயிறு என்றால் டியூசன் கொடுக்கிறவர்களுக்கு ஏலாது.

நேரம்: மஃரிப் தொழுகை சூரியன் மறைந்ததும் வரும், காலத்துக்கேற்ப ஐந்தே முக்காலில் இருந்து ஆறரைக்குள். அதை முடித்துக்கொண்டு வர ஆறே முக்கால் ஆகும். அதற்கு முன் தொடங்கினால் எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிக் கதையில்தான் உள்ளே வருவார்கள். முடிவு எட்டே முக்காலைத் தாண்டக்கூடாது. 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியாவுக்குத் தரைவழி லேசு, ஆனால் இரவில் பஸ் குறைவு. ஓட்டோ ஒன்றை முதலே பேசி, ஏறுகிற நேரத்தையும் சொல்லி வைத்தால், அந்த நேரமே கூட்டத்தை முடித்துவைக்கும்.

நோன்பு மாதத்தில் இராச்சாப்பாடு வைக்காதீர்கள். நோன்பு திறக்கும் இஃப்தார், அதன் பின் தராவீஹ் இரவுத் தொழுகை, இரண்டுக்கும் இடையில் புத்தகத்துக்கு நேரமில்லை. அந்த மாதத்துக்கு ஒரு சிறுகதை மட்டும் எடுத்து, பெருநாள் கழிந்து பேசலாம்.

இன்னொன்று, வெளிப்படையாகச் சொல்கிறேன். ஹலால் கடைக்குப் போனால் மாட்டிறைச்சிக் கொத்தும் அதே கல்லில்தான் அடிபடும். சைவமான இருவருக்கும் மரக்கறிக் கொத்து எடுத்தாலும் அதே கல்லு, அதே தகடு. "கழுவிப் போட்டு அடியுங்கள்" என்றால் நல்ல கடைக்காரர் செய்வார், ஆனால் கூட்ட நேரத்தில் அது நடக்காது. அவர்களுக்கு இடியப்பம், சொதி, பருப்பு என்று கல்லுக்குப் போகாத சாப்பாடு சொல்லிவிடுங்கள். அல்லது ஒரு மாதம் சைவக்கடை, ஒரு மாதம் ஹலால் கடை என்று மாற்றி மாற்றி வையுங்கள். சைவக்கடையில் எல்லாரும் சாப்பிடலாம், அதுதான் அதன் பலம்.

உப்புவெளிக் காற்று:

எல்லாரும் டவுனையே சொல்றீங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரைக் கடைகளில் கொத்துச் சத்தம் குறைவு, எழும்பச் சொல்லி ஒருவரும் நிற்கவும் மாட்டினம். ரெண்டு மணித்தியாலம் தாராளமா இருக்கலாம். ஆனால் ஒண்டொண்டாப் பாருங்கோ.

வெளிச்சம்: மேசைக்கு ஒரு சின்ன விளக்கோ மெழுகுதிரியோதான் இருக்கும். ஆறரைக்குப் பிறகு சாதாரணப் புத்தக எழுத்தை வாசிக்க ஏலாது. வாசிக்கப்போற பகுதியை 16 அளவு எழுத்தில் ஒரு தாளில் அடிச்சுக்கொண்டு போங்கோ, அல்லது புத்தகத்தில் கிளிப் பண்ற சின்ன விளக்கு ஒண்டு வாங்கி மேசைக்குப் பொதுவா வையுங்கோ. போன் டோர்ச் பிடிச்சால் ஒரு கை போயிடும், முன்னால் இருக்கிறவருக்குக் கண்ணும் கூசும்.

காற்று: பக்கம் நிற்காது. பெரிய கறுப்பு பைண்டர் கிளிப் ரெண்டு கொண்டு போனால் காணும்.

சீசன்: சித்திரையில் இருந்து புரட்டாதி மட்டும் வெளிநாட்டுக்காரர் நிறைய, விலையும் ஏறும், சாப்பாடும் சுணங்கும். கார்த்திகையில் இருந்து தை மட்டும் வடகீழ் பருவமழை. அந்த நேரம் கொஞ்சக் கடைகள் பூட்டியே இருக்கும், திறந்திருக்கிறவை கூரைக்குள் நாலு மேசைதான் வைச்சிருக்கும். மாசி, பங்குனிதான் நல்ல காலம், இடமும் கிடைக்கும், முதலாளிக்கும் ஆள் வந்தால் சந்தோஷம்.

கடைசியா, பார்சல் கட்டிக்கொண்டு டச்சுக்குடாக் கடற்கரையில் இருப்பம் எண்டு ஒருவர் கட்டாயம் சொல்லுவார். மான்கள் வரும். கோட்டைப் பக்கத்து மான்களுக்கு மனுசரில் பயம் கிடையாது, சாப்பாட்டு மணத்துக்கு நேர வந்து தாளையும் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். பொலித்தீன் அதுகளின்ட வயித்தில் தங்கி உயிரையே எடுக்கும். அங்க சாப்பாடு கொண்டு போகாதீங்கோ. கதை மட்டும் எண்டால் பின்னேரம் நாலரைக்குப் போய் வெளிச்சம் போக முதல் எழும்பலாம்.

மடத்தடியான்:

உப்புவெளி நண்பர் சொன்ன "சுணங்கும்" எண்டதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லவேணும், ஏனெண்டால் இந்த வட்டங்கள் குழம்புறது பெரும்பாலும் புத்தகத்தால் இல்லை, ஓடரால்.

கொத்தை எடுங்கோ. ஒரு கல்லில் ஒரு தரத்துக்கு ரெண்டு மூண்டு பங்கு சேர்த்து அடிக்கலாம், அதுவும் ஒரே வகை எண்டால் மட்டும். எட்டுப் பேரும் எட்டு வகை சொன்னால் எட்டுத் தரம் அடிக்கவேணும். ஒரு தரத்துக்கு அஞ்சு நிமிஷம் வைத்தாலும் நாற்பது நிமிஷம், இடையில் மற்ற மேசைக்காரரும் இருக்கினம். முதல் ஆள் சாப்பிட்டுக் கை கழுவி வர, கடைசி ஆளுக்கு அப்பதான் வரும். முதல் ஆள் புத்தகத்தைத் தொடங்குவார், கடைசி ஆள் வாய் நிறையச் சாப்பாட்டோடு கேட்டுக்கொண்டு இருப்பார். ரெண்டே ரெண்டு வகை எண்டு கட்டுப்படுத்தினால் பதினைஞ்சு, இருபது நிமிஷத்தில் எல்லாருக்கும் ஒண்டா வந்திடும்.

தோசைக்கும் இதே கணக்கு. கல்லில் ஒரு தரத்துக்கு மூண்டு நாலுதான் ஊத்தலாம், அதுவும் சூடாச் சாப்பிடாட்டி ருசியில்லை. அப்பம் இன்னும் மெதுவு, சட்டி சட்டியாத்தான் வரும். இடியப்பம், பிட்டு எண்டால் அவிச்சு வைத்திருப்பினம், எட்டுத் தட்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். அதாலதான் சைவக்கடையில் இடியப்பம் சொல்லச் சொல்றது.

பொரிச்ச சோறு பெரிய கடைகளில் ஒரு பங்கு ரெண்டு பேருக்குக் காணும். எட்டுப் பேருக்கு நாலு பங்கு, ஒரு கோழி, ஒரு கணவாய் அல்லது மீன், ஒரு மரக்கறி எண்டு நடுவில் வைத்துப் பிரிச்சால் பில்லும் லேசு. மீன் சுடுறது எண்டால் நாற்பது நிமிஷத்துக்குக் குறையாது, அதை மத்தியானமே சொல்லி வையுங்கோ. நண்டு அண்டைக்கு வேண்டாம். ரெண்டு கையும் அதுக்குத்தான் சரி, உடைக்கிற சத்தம் வேற, ஒருவர் நண்டு எடுத்தால் அரை மணித்தியாலம் அவர் கதையில் இல்லை. சஹன் சாப்பாடு ஒரு தட்டைச் சுற்றி அஞ்சாறு பேர் இருந்து சாப்பிடுறது, அது நல்ல சந்தோஷமான சாப்பாடு. ஆனால் வருஷ முடிவில் புத்தகம் இல்லாத இரவுக்கு வையுங்கோ, முதல் நாளே சொல்லவும் வேணும்.

செய்யிற முறை: பகல் பன்னிரண்டுக்குள் வட்ஸ்அப்பில் எல்லாரிட்டயும் ஓடரை எடுத்து, ஒருவர் மட்டும் கடைக்கு எடுத்துச் சொல்லவேணும். "எட்டுப் பேர், ஆறே முக்காலுக்கு வருவம், சாப்பாடு ஏழு இருபதுக்கு மேசைக்கு வரட்டும், எட்டரைக்கு எழும்புவம்." இதில் கடைசி வசனம்தான் முக்கியம். மேசை எப்ப காலியாகும் எண்டு தெரிஞ்சால் முதலாளி உங்களை அவதிப்படுத்த மாட்டார். சைவக்கடையில் ஒரு மேசையில் இருபது நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாறும். ரெண்டு மணித்தியாலம் நீங்கள் பிடிச்சு வைத்தால் அவருக்கு அது நட்டம். வந்தவுடனே வடை, ரோல்ஸ், தேத்தண்ணி எடுக்கிறது, பிறகு சாப்பாடு, கடைசியில் இன்னொரு தேத்தண்ணி, இப்படி மூண்டு தரம் எடுத்தால் அவருக்கும் நியாயம்.

உவர்மலை வாசகி:

இவ்வளவு விபரத்துக்கு மிச்சம் நன்றி. ஏழு இருபதுக்குச் சாப்பாடு எண்டால், முன்னம் அரை மணித்தியாலம், பின்னம் முக்கால் மணித்தியாலம். புத்தகத்தைப் பற்றி முன்னமா பின்னமா கதைக்கிறது?

சீனக்குடா டீச்சர்:

முன்னம்தான். சோறு உள்ளே போன பிறகு ஆள் கதிரையில் சாய்ந்துவிடும், கை போனுக்குப் போகும், வீட்டுக்கு எப்ப போறது எண்டு மனம் ஓடும். வடையும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு முழுக் கதையையும் முடித்துவிட்டுச் சாப்பாட்டைக் கூப்பிடுங்கோ.

மடத்தடியான்:

டீச்சர், பின்னேர வகுப்பு முடிச்சு நேர வாற ஆளுக்குப் பசி. ஒரு வடையோடு முக்கால் மணித்தியாலம் இருத்தி வைத்தால் அவர் சமையலறைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்.

நூலகத்து மேசை:

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் பிரிக்க வேண்டியது நேரத்தை அல்ல, வேலையை. சாப்பாட்டுக்கு முன் கை சுத்தம், மேசை வெறுமை, புத்தகத்தை விரிக்கலாம். ஆகவே பக்கத்தைப் பார்த்துச் செய்யும் வேலை எல்லாம் முன்னால் வரவேண்டும்: ஒவ்வொருவரும் தெரிந்தெடுத்த பந்தியை உரத்து வாசிப்பது, விளங்காத சொல்லைக் கேட்பது, யார் யாருக்கு உறவு என்ற குழப்பத்தைத் தீர்ப்பது. சாப்பாடு வந்ததும் புத்தகங்கள் பைக்குள் போய்விட வேண்டும். கையால் சாப்பிடும் ஊர் இது. மஞ்சளும் எண்ணெயும் தாளில் பட்டால் போகவே போகாது, துடைக்கத் துடைக்கப் பரவும். கடையில் கை துடைக்கத் தரும் வெட்டிய பத்திரிகைத் தாளை அடையாளத்துக்குப் பக்கத்தில் செருகுவதும் வேண்டாம், அதன் மையும் எண்ணெயும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். நூலகத்து இரவல் பிரதியைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டு வராதீர்கள், வாசிக்கும் பந்தியைக் கையால் எழுதிக்கொண்டு வாருங்கள்.

சாப்பிட்ட பின் புத்தகம் கையில் தேவையில்லாத கதை: ஏன் அவள் திரும்பி வந்தாள், முடிவு நியாயமா, எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார். வயிறு நிறைந்த ஆளுக்கு இந்தக் கதைதான் வரும், வாதமும் அப்போதுதான் சூடு பிடிக்கும். சாப்பிடும் அந்த அரை மணி நேரத்துக்கு ஊர்க் கதை போதும்.

உரத்து வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். "72ஆம் பக்கம்" என்றால் நான்கு பேர் நான்கு இடத்தில் தேடுவார்கள். அத்தியாய எண், அதில் எத்தனையாவது பந்தி, பந்தியின் முதல் மூன்று சொல், இவ்வளவையும் ஒரு துண்டில் குறித்து வந்தால் அரை நிமிடத்தில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிடலாம். ஆளுக்கு ஒரு பந்தி, எட்டுப் பந்தி. பத்து வரிக்கு மேல் போகக்கூடாது.

சீனக்குடா டீச்சர்:

இது நல்லது, ஒத்துக்கொள்ளுறன். அப்ப பின் பகுதிக்கு நான் சேர்க்கிறது.

"புத்தகம் பிடிச்சுதா?" எண்டு தொடங்காதேங்கோ. பிடிச்சுது, பிடிக்கேல்லை எண்டு எட்டுப் பதிலோடு அந்தக் கதை செத்துப்போகும். கேள்வியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஊண்டவேணும். "கடைசி அத்தியாயத்தில் அப்பா கடிதத்தை வாசிக்காமலே மடிச்சு வைக்கிறாரே, வாசிச்சிருந்தால் என்ன மாறியிருக்கும்?" என்ற மாதிரி. மூண்டு கேள்வி காணும். ரெண்டு நாளைக்கு முன்னமே குழுவில் போடுங்கோ, கேட்டவுடன் பதில் சொல்ல எல்லாருக்கும் வராது.

முதல் சுற்று ஆளுக்கு ரெண்டு நிமிஷம், பதினாறு நிமிஷத்தில் முடியும். மேசையில் இருக்கிற உப்புப் போத்தலைக் கையில் வைத்திருக்கிற ஆள் மட்டும் கதைக்கிறது, முடிஞ்சதும் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிறது. சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் கூடக் கதைக்கிறவரை ஒருவரும் முகம் முறிச்சு நிப்பாட்டத் தேவையில்லை, கதைக்காமல் இருக்கிறவருக்கும் முறை தானா வரும். ரெண்டாம் சுற்றில் போத்தலை நடுவில் வையுங்கோ, விரும்பினவர் எடுக்கட்டும்.

வாசிச்சு முடிக்காத ஆள் வரலாம். ஆனால் "முடிவைச் சொல்லாதேங்கோ" எண்டு மற்றவையின்ட வாயைக் கட்டக்கூடாது. அந்த விதியை முதல் நாளே சொல்லி வையுங்கோ.

கணக்குப்பிள்ளை:

பில். நட்பு உரசுப்படுற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டாக எழுதுகிறேன்.

முதலில் மெனுவின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். பெரிய கடைகளில் சேவைக் கட்டணம் 10% மேலே சேரும். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு செய்த கடையென்றால் 18% வரி, 2024 ஜனவரிக்கு முன் அது 15%. விலைக்குள் அடக்கமா, மேலே போடுவதா என்று ஓடர் சொல்லும் போதே கேட்டுவிடுங்கள். சின்னச் சைவக்கடையில் பெரும்பாலும் போட்ட விலைதான் விலை.

ஒரு கணக்கு. எட்டுப் பேரின் சாப்பாடு 11,200 ரூபா, சேவைக் கட்டணம் 1,120, மொத்தம் 12,320. எட்டால் பிரித்தால் ஆளுக்கு 1,540. எல்லாரும் 1,540ஐத் தேடிச் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தால் கடைசிப் பத்து நிமிடமும் அதிலேயே போகும். வந்து உட்கார்ந்தவுடன் ஆளுக்கு 1,700 வாங்கிவிடுங்கள், 13,600 சேரும். பில் கட்டி மிச்சம் 1,280. அது ஒரு தகர டப்பாவுக்குள் போகட்டும். நாலு மாதத்தில் ஐயாயிரம் சேரும், அடுத்த புத்தகத்தின் பொதுப் பிரதிகளை அதில் வாங்கலாம்.

ஆனால் சமமாகப் பிரிப்பது எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலைக்குச் சாப்பிட்டால் மட்டும்தான் நியாயம். இடியப்பம் சாப்பிட்ட ஆள் றால் சாப்பிட்ட ஆளுக்காகக் கட்டினால் முதல் மாதம் சிரிப்பார், மூன்றாம் மாதம் வரமாட்டார். காரணத்தையும் சொல்லமாட்டார். ஆகவே நடுவில் வைத்துப் பிரிக்கும் சாப்பாடும் தண்ணீரும் வடையும் தேத்தண்ணியும் பொது. தனியாகச் சொன்ன ஜூஸ், றால், ஐஸ்கிறீம் அவரவர் கணக்கு. தன் கணக்கை 1.1ஆல் பெருக்கிக் கட்ட வேண்டும். 900 ரூபாவுக்கு எடுத்தவர் 990, 1,900க்கு எடுத்தவர் 2,090. அந்தப் பத்து வீதத்தை மறப்பதால்தான் கடைசியில் ஆயிரம் ரூபா குறையும், அது எப்போதும் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளின் தலையில்தான் விழும். மதுபானம் எடுப்பவர் இருந்தால் அதற்கு வேறு பில். மற்றவரின் காசு அதில் கலக்கவே கூடாது, சிலருக்கு அது மார்க்க விஷயம்.

வருகிறேன் என்று சொல்லி ஓடரும் போன பிறகு வராதவர் தன் சாப்பாட்டுக் காசைக் கட்ட வேண்டும், அதைப் பார்சல் எடுத்து வைத்தால் மறுநாள் வாங்கிக்கொள்ளட்டும்.

தம்பலகாமம் வயல்:

புத்தகப் பிரதி பற்றி யாராவது சொல்லுங்கோ. டவுனில் ஒரே புத்தகம் எட்டு எடுக்கிறது நடக்கிற காரியம் இல்லை.

நூலகத்து மேசை:

எட்டுத் தேவையில்லை, மூன்று போதும். 28 நாளை மூன்றாகப் பிரித்தால் ஒரு பிரதியை மூவர் ஒன்பது ஒன்பது நாளாக வாசிக்கலாம். சொந்தப் பிரதி இருந்தால் 240 பக்க நாவலுக்கு நாளுக்கு 9 பக்கம். சுற்றுப் பிரதியென்றால் அதே நாவலுக்கு நாளுக்கு 27 பக்கம், வேலைக்குப் போகிற ஆளுக்கு அது கூட. ஆகவே சுற்றுப் பிரதிக்கு 160 பக்கத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நாளுக்கு 18 பக்கத்தோடு நிற்கும். முதல் சுற்றில் வாசித்தவர் கூட்டம் வரும்போது பாதியை மறந்திருப்பார். கைமாற்ற முன் அரைப் பக்கக் குறிப்பும், தன் பந்தியையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து எடுப்பிப்பதென்றால் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன் சொல்லுங்கள். இந்தியப் பதிப்பின் பின்னட்டை விலையைப் பார்த்துக் காசு சேர்க்க வேண்டாம். அது இந்திய ரூபா, கடைக்காரர் எத்தனையால் பெருக்குகிறார் என்று கேட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இலங்கை எழுத்தென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் முதலில் தேடுங்கள். 2005இல் இருந்து நம்மவர் நூல்களையும் இதழ்களையும் வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றி வருகிறார்கள், வாசிக்கக் காசில்லை. ஆனால் அவை படமாக வருடிய பக்கங்கள், போனில் எழுத்தைப் பெருப்பித்தால் வரி திரைக்கு வெளியே போய்விடும். போனைக் கிடையாகப் பிடித்தால் ஓரளவு வாசிக்கலாம். 24 பக்கச் சிறுகதையை ஒரு பக்கத்துக்கு இரண்டாக, தாளின் இரு புறமும் அச்செடுத்தால் ஆறு தாள்தான். முழுப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி அடித்துப் பங்கிடுவது வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. எழுதுகிறவனுக்கு வருகிற கொஞ்சக் காசையும் வாசிப்பு வட்டமே வெட்டக்கூடாது.

தொடங்குவதற்கு நாவல் வேண்டாம். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' மாதிரி ஒரு சிறுகதை, இந்தக் கடற்கரைக்காரருக்கு அகராதி இல்லாமலே விளங்கும், ஒரு இரவுக்குள் பேசியும் முடிக்கலாம். ஆறேழு மாதம் பழகிய பிறகு தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'க்குப் போங்கள். 1895இல் வந்தது, தமிழின் முதல் வரலாற்று நாவலாகச் சொல்லப்படுவது, எழுதியவர் திருகோணமலைக்காரர். உரைநடை பழையது, நாளுக்கு எத்தனை பக்கம் என்று மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. இரண்டு மாதம் கொடுத்து இரண்டு இரவாகப் பேசுங்கள்.

கிண்ணியாக் கரை:

அடுத்த புத்தகத்தை மேசையில் வைத்து வாக்கெடுக்க வேண்டாம், எட்டுப் பேர் எட்டுப் பெயர் சொல்லுவார்கள், இருபது நிமிடம் போகும். முறைவைத்து மாதம் ஒருவர் மூன்று பெயர் கொண்டு வரட்டும், மூன்றும் கையில் கிடைக்கக் கூடியவையா என்று அவரே பார்த்துவிட்டு. மற்றவர்கள் அதில் ஒன்றைத் தெரிந்தால் போதும்.

உவர்மலை வாசகி:

கிண்ணியா நானா, அது அருமை, அப்படியே செய்யிறம். கடைசியா ஒண்டு. காது மந்தமான அண்ணரை எங்க இருத்துறது? அவருக்கு இடது காது மட்டும்தான் நல்லாக் கேட்கும். மேசையில் என்ன கதைக்கினம் எண்டு விளங்காட்டி அவர் சும்மா தலையாட்டிக்கொண்டு இருந்திடுவார், எங்களுக்கும் தெரிய வராது.

சீனக்குடா டீச்சர்:

சுவரை முதுகாக்கி, நீட்டுப் பக்கத்தின் வலதுகைத் தொங்கலில் இருத்துங்கோ. அப்ப அவருக்கு வலது பக்கம் ஆள் இல்லை, மேசை முழுக்க நல்ல காதுப் பக்கமும் முன்னாலும் வரும். பின்னால் சுவர் இருந்தால் பின்பக்கத்துச் சத்தம் குறையும். காதுக்கருவி போடுறவர் எண்டால் இது இன்னும் முக்கியம், அது பின்னால் விழுற தட்டுச் சத்தத்தையும் சேர்த்துப் பெருப்பிக்கும். அந்த வலதுகைத் தலைப்பக்கக் கதிரையை எடுத்துவிட்டு, அதில் இருக்கிறவரை இடதுபக்கத்துக்கு மாத்துங்கோ.

வெளிச்சம் கதைக்கிறவரின்ட முகத்தில் விழவேணும், முதுகுக்குப் பின்னால் இல்லை. அவர் வாயசைவைப் பார்த்துத்தான் பாதியை விளங்கிக்கொள்ளுவார். அதால் அவர் வாற மாதங்களில் மெழுகுதிரிக் கடை வேண்டாம். மூண்டு கேள்வியையும் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி அவருக்கு முன்னால் வையுங்கோ, எந்தக் கேள்வியில் நிக்கிறம் எண்டு பக்கத்தில் இருக்கிறவர் விரலால் தொட்டுக் காட்டினால் காணும். உப்புப் போத்தல் முதல் அவரிட்டத் தொடங்கட்டும்.